சயாமில் ஒரு நடுகல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

நம் நாட்டுத் தலைவர்கள் வெளிநாடு போகும்போது அங்குள்ள போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2015 ஏப்ரலில் பிரதமர் மோடி பிரான்ஸ் நாட்டின் நெவ் ஷாப்பெல் நினைவிடத்துக்குப் போனார். முதல் உலகப் போரில் அந்தப் பக்கத்துப் போர்க்களங்களில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் அங்கே சுவரில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவ நினைவிடத்துக்குப் போனார். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னம் அது. இரண்டே மாதத்தில், திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். 1995இல் சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தது. 2017இல் இஸ்ரேலின் ஹைஃபா, 2025இல் பிரான்ஸின் மர்சேய் என்று இந்தப் பயணங்கள் தொடர்கின்றன.

"இறந்துபோனவர்களுக்குப் பூ வைக்க அரசுச் செலவில் விமானம் ஏற வேண்டுமா?" என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் இது. தனி மனிதர் வைக்கும் பூ அன்றே வாடிவிடும். அரசின் பிரதிநிதி போய் நின்றால் "இவர்கள் எங்கள் மக்கள்" என்று ஒரு நாடு எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. பிறகு யாரும் அதை மறுக்க முடியாது.

ஆனால் அப்படிப் போய் நிற்பதற்கு முதலில் அங்கே ஒரு கல் இருக்க வேண்டும். கல்லே இல்லாமல் எண்பது ஆண்டுகள் கிடந்தவர்களைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர்களில் நம் மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஆட்களும் உண்டு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தாய்லாந்தில் பான் போங் என்ற ஊர். பர்மாவில் தன்பியூசயாத் என்ற ஊர். இரண்டுக்கும் நடுவே 415 கிலோமீட்டர். மலை, காடு, ஆறு. 1942இல் ஜப்பான் ராணுவம் இந்த இடத்தில் ரயில் பாதை போட ஆரம்பித்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால் தரை வழி தேவைப்பட்டது. பல ஆண்டுகள் பிடிக்கும் வேலையை ஒன்றே கால் ஆண்டுக்குள் முடித்தார்கள். 1943 அக்டோபரில் இரு பக்கத் தண்டவாளங்களும் சேர்ந்தன. தாய்லாந்துக்கு முன்பு சயாம் என்று பெயர். தமிழில் இதைச் சயாம் மரண ரயில் என்கிறோம்.

இந்த வேலைக்கு ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கைதிகளைத் தவிர, ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அதில் அடக்கம். இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பல வரலாற்று நூல்களில் காணப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

மலாயாவுக்கு நம் ஆட்கள் எப்படிப் போனார்கள்? மழை பொய்த்தால் நம் பக்கம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் கங்காணி வருவார். "பால் மரம் வெட்டுற வேலை, கையில் காசு" என்பார். இலங்கைக்குப் போகிறவர்கள் மண்டபம் முகாம் வழியாகப் போவார்கள். மலாயாவுக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்குவார்கள். 1938இல் அன்றைய இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பைத் தடை செய்தது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விட்டு ஓடினார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை, ஊருக்குத் திரும்பக் கப்பலும் இல்லை. அந்த நேரத்தில்தான் "சயாமில் மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு" என்று அறிவிப்பு வந்தது. முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாதது தெரிந்த பிறகு யாரும் போகவில்லை. அதன்பின் பிடித்துக்கொண்டு போனார்கள். சரக்கு ரயில் பெட்டிகளில் நின்றபடியே பல நாள் பயணம். பிறகு காட்டுக்குள் நடை.

1943இன் மழைக்காலத்தில் காலரா வந்தது. மலேரியா, வயிற்றுப்போக்கு, ஆறாத புண் எல்லாம் முன்பே இருந்தன. போர்க் கைதிகளும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் அவர்களிடம் ராணுவ ஒழுங்கு இருந்தது. அவர்களுக்குள்ளேயே மருத்துவர்கள் இருந்தார்கள். குடிநீரைக் காய்ச்சச் சொல்லவும், கழிப்பிடத்துக்குக் குழி வெட்டச் சொல்லவும் அதிகாரிகள் இருந்தார்கள். எட்வர்டு டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் ஜப்பானியருக்குத் தெரியாமல் நாட்குறிப்பே எழுதி வந்தார். இன்னார் இந்த நாளில் இந்த இடத்தில் இறந்தார் என்று குறித்து வைக்கக் கைதிகளின் முகாமில் ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்த கூலிக்கு யார் இருந்தார்கள்? பெயர் எழுத ஆள் இல்லை, எழுத ஏடும் இல்லை.

போர் முடிந்ததும் இந்த வித்தியாசம் வெளியே தெரிந்தது. 1945 செப்டம்பர், அக்டோபரில் ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய்ப் போர்க் கைதிகளின் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் இருக்கிறார்கள். புல்வெளி, பூச்செடி, வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள். அதன் வாசல் கட்டடத்தில், தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்டு, பராமரிக்க முடியாமல் போன பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள் 11 பேரின் பெயர்களும் உண்டு. 11 பேரையும் மறக்கவில்லை. படைவீரன் என்றால் பெயர் நிற்கிறது.

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை ஆனபோது, அதன் 16ஆம் பிரிவின்படி, துன்பப்பட்ட போர்க் கைதிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஒரு தொகை கொடுக்க ஏற்பாடானது. அந்தப் பிரிவில் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்ற புகழ்பெற்ற திரைப்படமும் வெள்ளைக்காரக் கைதிகளின் கதையைத்தான் சொன்னது. அதைப் படமாக்கியது நம் பக்கத்து இலங்கையில். தமிழில் இதை எழுதி வைத்தவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலைத் தேடிப் படியுங்கள்.

தொழிலாளர்களின் எலும்புகள் என்ன ஆயின? காடு மேட்டில் கிடைத்தவற்றைச் சேர்த்துக் காஞ்சனபுரியில் வாட் தவோர்ன் என்ற புத்தர் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 1990இல் அந்த ஊரில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. யார் எவர் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டும் கூட இல்லை.

அந்தக் கோயில் வளாகத்தில்தான் 2023 மே 1 அன்று, உழைப்பாளர் தினத்தில், தமிழர்களுக்கு ஒரு நடுகல் திறக்கப்பட்டது. தாய்லாந்து வாழ் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் அதற்காகப் பாடுபட்டார்கள். தமிழ்நாடு அரசு நிதி கொடுத்தது. மாநிலங்களவை உறுப்பினர் எம்.எம். அப்துல்லா இங்கிருந்து போய் அந்த விழாவில் கலந்துகொண்டார். எந்தக் கட்சி, எந்த ஆட்சி என்று நான் பார்க்கவில்லை. தமிழ்நாட்டின் சார்பில் ஒருவர் அந்த மண்ணில் நின்றார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூன்று நாட்டுத் தமிழர்கள் ஒரே கல்லின் முன் நின்றார்கள். இந்தப் பயணங்களால் கிடைக்கும் உறவு என்பது இதுதான்.

சிலையோ தூணோ வைக்காமல் நடுகல் என்று பெயர் சொல்லி வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

மதுரையிலிருந்து மேற்கே போனால் ஆண்டிபட்டி வட்டாரத்தில் வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்ற ஊர் இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில், அங்கே தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஒரு கல்லில், கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்தவனின் பெயர் இருக்கிறது. தீயன் அந்தவன். அவன் அரசன் இல்லை. மாட்டுச் சண்டையில் செத்துப்போன ஓர் ஊர்க்காரன். அவன் பெயரை நம் முன்னோர்கள் கல்லில் வெட்டினார்கள். இன்றைக்கும் நாம் படிக்கிறோம்.

நடுகல் என்றால் நம் மரபில் கல்லும் பெயரும் சேர்ந்ததுதான். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. இறந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த மரபு மாறிப்போனது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப் போர் நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். "இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்ற பொருளில் எழுதியிருக்கும். எண் இருக்கும், பெயர் இருக்காது. காஞ்சனபுரியில் எண்ணுக்கும் வழியில்லை. தோராயம்தான்.

எங்கள் உறவினர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை மாணவர்களுக்கும் சொல்கிறேன். என் அப்பாவின் சித்தப்பா 1937இல் மலாயாவுக்குப் போனார். 1941 வரை பணமும் கடிதமும் வந்தன. போர் முடிந்தபின் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து, "அவனைச் சயாமுக்கு ரயில் ஏத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் தகவல் இல்லை. என் சின்ன அப்பத்தா 1984இல் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் முடியவில்லை. ஆடி அமாவாசைக்கு மற்றவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, இவருக்கு விடலாமா கூடாதா என்று வீட்டில் ஆண்டுதோறும் பேச்சு நடக்கும். "செத்ததைப் பாத்தியா?" என்று அப்பத்தா கேட்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எந்த அரசிடமும் ஏடு இல்லை. இன்று எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் "மலாயாத் தாத்தா" மட்டும்தான். பெயர் கேட்டால் விழிக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களைத்தான் அனுப்புவார்கள். நானும் வெயிலில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவரையும் பெயர் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. உயிரோடு இருப்பவருக்கு இவ்வளவு கவனம் என்றால், கப்பல் ஏறிப் போய்த் திரும்பாதவருக்கும் ஒரு வரி எழுதலாம் அல்லவா?

அரசு கல் நட உதவியது, பிரதிநிதி போய் வந்தார். பெயர் கொடுக்கிற வேலை நம்முடையது. தாய்லாந்தில் அந்தப் பெயர்கள் கிடைக்காது. மலாயாவின் தோட்டங்களிலும் பெரும்பாலும் கிடைக்காது. அவை இருக்கும் இடம் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் சிவகங்கையிலும் இருக்கிற எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களின் நினைவுதான். அவர்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்?

அதனால் பிள்ளைகளே, ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். "நம் குடும்பத்திலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் யார்?" பெயர், அப்பா பெயர், ஊர், போன வருடம், கடைசிக் கடிதம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, இந்த ஐந்தையும் எழுதுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் கடிதமோ தபால் உறையோ இருந்தால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எனக்கு அனுப்புங்கள். நான் ஒரு நோட்டில் வரிசையாக எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் வரியில் எங்கள் தாத்தாவின் முழுப் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. நூறு பெயர் சேர்ந்தால், அடுத்து அந்தக் கல்லுக்குப் போகிற அரசுப் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்பக் கேட்கலாம். அவர் கையில் மலர்வளையத்தோடு ஒரு பட்டியலும் இருக்கும்.

இரண்டாவது வரி உங்களுக்காகக் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மதுரை