தட்டினால் மின்சாரம்: சூடு தாங்கும் பாலிமரின் கதை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் பெற்றோர்களுக்கு ராமானுஜர் அவதரித்த ஊர். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கோ கேம்பஸ் இன்டர்வியூவில் அடிபடும் பெயர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர் லாரி என்று ஆலைகள் வரிசையாக வந்தன. நம் நண்பர்கள் பலர் அந்தக் கம்பெனி பஸ்களில் ஏறி இறங்கியவர்கள்தான். அந்த ஆலைகளோடு சம்பந்தப்பட்ட ஒரு பொருளின் வரலாற்றை இந்த மலரில் எழுத ஆசைப்படுகிறேன்.

வீட்டில் கேஸ் லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்று பொறி பறக்கிறதே, அதற்குள் பேட்டரி கிடையாது. ஒரு சின்னப் பீங்கான் துண்டு அடி வாங்குகிறது, மின்சாரம் தருகிறது. இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். அதே துண்டுக்கு மின்சாரம் கொடுத்தால் கொஞ்சம் நீளும், சுருங்கும். முதல் குணம் சென்சாருக்கு. இரண்டாவது குணம் ஆக்சுவேட்டருக்கு, அதாவது அசைக்கும் கருவிக்கு.

கதை நம் பக்கத்து நாட்டிலிருந்தே தொடங்குகிறது. 1700-களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் அந்தக் கல் சாம்பலை இழுத்தது. 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சூட்டுக்குப் பதில் அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்று 1880-ல் பாரிஸில் சோதித்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். டூர்மலின், குவார்ட்ஸ் மட்டுமல்ல, நாம் காப்பிக்குப் போடும் கரும்புச் சர்க்கரையின் படிகத்திலும் அவர்கள் இந்த விளைவைக் கண்டார்கள்.

முதல் உலகப் போரில், 1917 வாக்கில், நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க லான்ஜவின் குவார்ட்ஸைப் பயன்படுத்தினார். 1940-களில் பேரியம் டைட்டனேட், 1950-களில் ஈயம் கலந்த பிஇசட்டி பீங்கான் வந்தன. இன்றும் கார் எஞ்சின் 'நாக்' அடிக்கிறதா என்று கேட்கும் சென்சாருக்குள் இருப்பது இந்தப் பீங்கான்தான். சூடு தாங்கும், பலமாக மின்சாரம் தரும். ஆனால் வளைத்தால் அப்பளம் மாதிரி உடையும்.

வளையும் பொருள் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பக்கம் போக வேண்டும். ஜப்பானில் ஃபுகாடா 1950-களில் மரத்திலும் எலும்பிலும் அழுத்தமின் விளைவை அளந்து காட்டினார். 1969-ல் கவாய் என்பவர் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் தாளைப் பல மடங்கு இழுத்து நீட்டி, சூடாக வைத்துப் பலமான மின்புலத்தைக் கொடுத்து, அப்படியே ஆற விட்டார். உள்ளே தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நின்றன. தாளைத் தட்டினால் மின்சாரம்!

சரி, அப்புறம் என்ன குறை? சூடுதான். சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து வைத்திருந்தால் நீட்டிய தாள் சுருங்கப் பார்க்கும். வரிசையும் மெல்ல மெல்லக் கலையும். கார் பாடிக்கு முதல் பூச்சு போட்டுச் சுடும் அடுப்பு 160 முதல் 180 டிகிரி வரை போகும். செல்போன் போர்டைப் பற்றவைக்கும் அடுப்போ 240 டிகிரிக்கு மேல். நம் காரிடாரின் இந்த இரண்டு தொழில்களிலும் பிவிடிஎஃப் தாளைக் கடைசியில்தான் தனியாக ஒட்ட வேண்டியிருக்கும். எஞ்சின் பக்கத்தில் வைக்கவே முடியாது.

இதற்கு இரண்டு வழியில் விடை தேடினார்கள். ஒன்று நைலான் 11. 1980-களில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். இடது, வலது என்று நடந்து பாருங்கள். 12 அடிக்கு ஒருமுறை கை தூக்கினால் எப்போதும் ஒரே காலில்தான் வரும். 7 அடிக்கு ஒருமுறை என்றால் கால் மாறி மாறி வரும். நைலான் 11-ன் சங்கிலியில் மின்முனை 12 அணுவுக்கு ஒருமுறை வருவதால் எல்லாம் ஒரே பக்கம் சேரும். மணலியில் டயர் நூலுக்காகச் செய்யும் நைலான் 6-ல் 7 அணுவுக்கு ஒருமுறை. ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். நைலான் 11 அறை வெப்பத்தில் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் சூடு ஏற ஏறத் தெம்பு கூடும். 150 டிகிரியிலும் வேலை செய்யும்.

இரண்டாவது வழி பாலிமைடு. 1990-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் நைட்ரைல் தொகுதி சேர்த்த பாலிமைடைச் செய்தது. சுமார் 220 டிகிரியில்தான் அது இளகும். அந்த நிலையில் மின்புலம் கொடுத்து ஆறவைத்தால் மின்முனைகள் உறைந்து நிற்கும். 150 டிகிரியிலும் கலையாது. பிவிடிஎஃப் அளவுக்கு மின்சாரம் தராது என்பதுதான் அதன் குறை. சூடு தாங்கவும் வேண்டும், பலமாகவும் பேச வேண்டும் என்றால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நைலான் 11 எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம்ம ஆமணக்கு எண்ணெய். உலகிலேயே ஆமணக்கு அதிகம் விளையும் நாடு இந்தியா. எண்ணெயை அனுப்புகிறோம், பிரான்சின் ஆர்க்கெமா போன்ற நிறுவனம் செய்யும் பிளாஸ்டிக்கை விலை கொடுத்து வாங்குகிறோம்.

2014-ல் நோக்கியா ஆலை மூடப்பட்டதை மறக்க முடியாது. வரி வழக்கும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களின், குறிப்பாகப் பெண்களின், வேலையைக் கொண்டுபோயின. பூட்டும் லைன் ஒரே உத்தரவில் வேறு ஊருக்குப் போய்விடும். பொருளைச் செய்யக் கற்ற வித்தை அப்படிப் போகாது, கற்றவன் கூடவே வரும்.

ஆகவே தம்பி, தங்கைகளே, கடைசி வருட ப்ராஜெக்டுக்கு இதை எடுத்துப் பாருங்கள். நைலான் 11 தாள், ஓர் அவன், இழுத்து நீட்ட ஒரு கருவி, ஆசிரியர் மேற்பார்வையில் ஓர் உயர் மின்னழுத்த சப்ளை, ஓர் ஆசிலோஸ்கோப் போதும். 150 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஒரகடத்தில் வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறது; அந்த ஆலைகளில் நம் சீனியர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுகளோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.