வீட்டுப் பொருட் காப்பீடு: கோலார் தங்கவயல்

கட்டடத்தை விடுத்து, அதனுள் வாழ்வோரின் பாத்திரம், பீரோ, தொலைக்காட்சி, துணிமணி முதலிய ஜங்கம சொத்துகளுக்கு அக்கினியாலும் வெள்ளத்தாலும் பூகம்பத்தாலும் நேரும் நஷ்டத்தை, பிரிமியம் பெற்ற நிறுவனம் ஈடு செய்யும் ஒப்பந்தம். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் கம்பெனி காலத்து லைன் வீடுகளிலேயே குடும்பங்கள் பல வசித்துவரும் தங்கவயலில், சுவர் எவருடையதாயினும் உள்ளிருக்கும் பொருள் தம்முடையது என்பதால், இவ்வகைக் காப்பீடே அவர்களுக்குப் பெரிதும் பொருத்தமானது.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுமாதிரிப் பாலிசியில், கட்டடத்தையும் சேர்த்துக் காப்பீடு செய்வோருக்கு அத்தொகையில் 20 சதவீதம், 10 லட்ச ரூபாய் வரை, பொருள்களுக்குத் தானாகவே கிட்டும். பொருள்களுக்கு மட்டும் எடுப்போர், அவற்றைப் புதிதாக வாங்க இன்று ஆகும் விலையைக் கணக்கிட்டுத் தொகையைத் தாமே தெரிவித்தல் வேண்டும். நகைகளுக்குத் தனி ஏற்பாடு தேவை. களவுக்கோ, விபத்து நேர்ந்த ஏழு நாட்களுக்குள் அதனையொட்டி நிகழ்ந்தாலன்றி ஈடில்லை. சாதாரணக் கன்னக்களவுக்கு வேறு பாலிசியே கதி.

இவ்வூரார் மிகுந்த சிரத்தையோடு வாசிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. நிலம் உள்வாங்குதலைப் பாலிசி ஏற்கிறதெனினும், அகழ்வுப் பணிகளால் விளைந்த உள்வாங்கலை அது விலக்குகிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை குடையப்பட்டு, பாறைவெடிப்பு அதிர்ச்சிகளைப் பலகாலம் அனுபவித்த பூமியில் இவ்விலக்கு அற்பமானதன்று. ஆதலின், பழைய சுரங்கங்களால் நேரும் சேதம் எப்படிக் கருதப்படும் என்பதைப் பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் அவசியம்.