பிடிமண்ணும் கஞ்சிக் கிண்ணமும்: தோட்டத்து முனியும் வடநாட்டு நிஸ்ஸேயும்

மலேசியாவில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், காஹாங்கைச் சுற்றிச் செம்பனைக் காடுகள். இத்தகைய ஜொகூர் தோட்டங்களில் முனியாண்டிக்குக் கோயில் என்பது பெரும்பாலும் ஒரு மரத்தடி, ஒரு கல், எலுமிச்சம்பழம் குத்திய ஒரு சூலம். படையலில் சுருட்டு, சாராயம், சேவல். இரவில் முனி வெள்ளைக் குதிரையேறித் தோட்டத்தைச் சுற்றி வருவார் என்பது தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்களின் நம்பிக்கை. இவரை 'எல்லைத் தெய்வம்' என்று வகைப்படுத்துவது வழக்கம். அது பாதி உண்மை என்பதே என் வாதம். மறுபாதியைக் காண ஸ்காண்டிநேவியப் பண்ணைகளின் குள்ள ஆவி துணைசெய்கிறது.

நார்வேயிலும் டென்மார்க்கிலும் அவர் நிஸ்ஸே, ஸ்வீடனில் தொம்தே. 'தொம்த்' என்றால் மனை. ஆகவே பெயரளவில் அவரும் இடத்துக்குரியவரே. காடு திருத்திப் பண்ணையை முதலில் உண்டாக்கியவரின் ஆவி அவர் என்றும் நம்பினார்கள். தொழுவத்தையும் குதிரை லாயத்தையும் காப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அவருக்கு வெண்ணெய் இட்ட கஞ்சி வைக்க வேண்டும். வேலைக்காரப் பெண் ஒருத்தி வெண்ணெயைக் கிண்ணத்தின் அடியில் ஒளித்த கதை பல வடிவங்களில் வழங்குகிறது. மேலே வெண்ணெயைக் காணாத நிஸ்ஸே, கோபத்தில் நல்ல பசுவொன்றை அடித்துக் கொன்றுவிட்டார். பிறகு கஞ்சியை உண்ணும்போது அடியில் வெண்ணெய் தட்டுப்பட்டது. மனம் நொந்து, அக்கம்பக்கத்துப் பண்ணையிலிருந்து அதேபோன்ற பசுவை ஓட்டிவந்து கட்டினார். கணக்கு நேரானது! பக்தியைவிடக் கூலியின் நியாயமே இக்கதையில் பேசுகிறது. சுருட்டையும் சேவலையும் நான் அவ்வாறே வாசிக்கிறேன். பெரட்டு என்னும் காலை ஆட்கணக்கெடுப்புக்குப் போய் நாட்கூலி வாங்கியவர்கள், இரவுக் காவலுக்கு முனிக்குத் தந்த காவற்கூலி அது.

இன்னொரு கதை என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. நிஸ்ஸேயின் தொல்லை தாங்காத குடியானவர் வீட்டைக் காலிசெய்து வண்டியில் சாமான் ஏற்றுகிறார். எங்கே பயணம் என்று அண்டைவீட்டார் கேட்க, சாமான்களுக்கு நடுவிலிருந்து நிஸ்ஸேயே தலைநீட்டி, இன்று குடிமாறுகிறோம் என்கிறார். மனையின் ஆவி மனையைவிட்டுக் கிளம்புகிறது. தமிழ் மரபில் இதற்கு ஒரு சடங்கே உண்டு: பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப் புதிய இடத்தில் சாமியை நிறுத்துவது. ஆக, இவ்விரு காவலர்களையும் பிணைப்பது மண் மட்டுமன்று. உடன் உழைத்த மக்களும்தான்.

அந்த மக்கள் இடம்மாறினால் காவலரும் உருமாறுகிறார். 14ஆம் நூற்றாண்டில் புனித பிர்கிட்டா தொம்தே வழிபாட்டைக் கண்டித்தும் நம்பிக்கை அழியவில்லை. நாட்டுப்புறம் நகரத்துக்குப் பெயர்ந்த 19ஆம் நூற்றாண்டில்தான் அவர் வேறாளானார். 1881இல் விக்தோர் ரீத்பெரியின் 'தொம்தென்' கவிதைக்கு ஜென்னி நிஸ்திரோம் ஓவியம் வரைந்தார்; பின்னர் அவருடைய வாழ்த்தட்டைகளில் தொம்தே கிறிஸ்துமஸ் தாத்தாவின் சாயலைப் பெற்றார். கஞ்சி வாங்கியவர் பரிசு கொடுப்பவரானார்.

முனியின் மாற்றம் வேறு திசையில் போகிறது. சிங்கப்பூர் முனீஸ்வரர் வழிபாட்டை ஆராய்ந்த வினீதா சின்ஹாவின் 2005ஆம் ஆண்டு நூல், புலம்பெயர் சூழலில் எழுந்த புதிய கடவுளா இவர் என்று தலைப்பிலேயே கேட்கிறது. மலேசியாவிலும் தோட்டங்கள் கைமாறி மக்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோனபோது, முனியாண்டி பல இடங்களில் முனீஸ்வரராகிக் கும்பாபிஷேகம் கண்டார். சன்னதிக்கு முன்னே இப்போது நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கல். சுருட்டை மறக்காத முதியவர்கள் அதைச் சன்னதிக்குப் பின்புறம் பற்றவைத்து வைக்கிறார்கள்.