இரண்டு நாடு, ஒரே கடற்படை

டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ஒரு காலத்தில் ஒரே மன்னர். 1510-ல் மன்னர் ஹான்ஸ் இரண்டுக்கும் பொதுவாக நிரந்தரக் கடற்படை ஒன்றை அமைத்தார். தலைமையிடம் கோபன்ஹேகன்; மாலுமிகள் பலர் நார்வேக் கரையோரத்துப் பிள்ளைகள். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு: 1618-ல் கிளம்பித் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை எழக் காரணமான ஓவே யெட்டே, பின்னாளில் இந்தக் கடற்படைக்கே தலைமைத் தளபதியானார்.

அதன் பெரிய நாயகன் என்றால் டிரோன்ஹெய்மில் பிறந்த டோர்டென்ஷோல்ட்தான். சுவீடனுடன் நடந்த போரில், 1716 ஜூலை 8 அன்று சில கப்பல்களோடு டைனெகிலென் என்ற குறுகிய கடற்கழிக்குள் துணிந்து நுழைந்தார். இருபுறமும் பாறை, பின்வாங்க இடமில்லை. கரையிலிருந்த பீரங்கி மேடையைக் கைப்பற்றி, உள்ளே நின்ற சுவீடனின் சரக்குக் கப்பல்களைப் பிடித்தார், மீதியை அழித்தார். தளவாடம் வராமல் சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் கார்ல் நார்வேயில் நடத்திய முற்றுகையைக் கைவிட்டார்.

வீழ்ச்சிக்குக் காரணம் பிரிட்டன். டென்மார்க்கின் கப்பல்கள் நெப்போலியன் கைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், 1807 செப்டம்பரில் கோபன்ஹேகன் நகரத்தின் மீதே குண்டு பொழிந்து கிட்டத்தட்ட மொத்தக் கடற்படையையும் ஓட்டிச் சென்றது. நடுநிலை நாட்டுக்குக் கிடைத்த பரிசு இது! மிஞ்சியவர்கள் சிறு பீரங்கிப் படகுகளை வைத்து ஏழு ஆண்டு போராடினார்கள்.

அந்தப் போரின் முடிவில், 1814 ஜனவரியில் கீல் ஒப்பந்தம் நார்வேயை சுவீடனிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நார்வே தனக்கென்று தனிக் கடற்படை அமைத்துக்கொண்டது.