அனாதை இல்லத்துக்கு மிஷன் பயணம்: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெலுத்தோங் - நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கும்போது இங்குள்ள தேவாலய இளையோர் குழுக்களில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். இந்த முறை கம்போடியாவா, நேப்பாளமா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் நாசி லெமாக், வடை, கேசரி விற்பனை நடக்கும். துணிமணி, வண்ணப் பென்சில், மைலோ பொட்டலம் என்று பெட்டிகள் நிறையும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஒரே நிற டி-சட்டையில் ஒரு குழுப்படம். போகும் இடம், பெரும்பாலும் ஓர் அனாதை இல்லம்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது நானும் அப்படி ஒரு குழுவோடு கம்போடியாவின் சியெம் ரியாப் நகருக்குப் போயிருக்கிறேன். ஐந்து நாள் பயணம். வேனிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நாளும் விடவில்லை. கடைசி நாள் மாலையில் இல்லத்தின் வாசலில் ஒரு பெண் பழப்பையோடு வந்து நின்றார். என் கையை உதறிவிட்டு ஓடிய சிறுமி அவரைக் கட்டிக்கொண்டு "மாக்" என்றாள். கெமர் மொழியில் பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள். மலாய் பேசி வளர்ந்த நமக்கு அதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அனாதை என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு அம்மா இருந்தார். அன்று அதை யாரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்தச் சிறுமி விதிவிலக்கு அல்ல என்று தெரிந்தது.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் ஏராளமான பிள்ளைகள் உண்மையிலேயே பெற்றோரை இழந்தார்கள். ஆனால், இல்லங்கள் பெருகியது அப்போதல்ல. நாடு அமைதியாகி, அங்கோர் வாட்டைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் குவியத் தொடங்கிய பிறகுதான். யுனிசெஃப் உதவியுடன் 2011இல் வெளிவந்த ஆய்வின்படி 2005இல் 154ஆக இருந்த இல்லங்கள் 2010இல் 269ஆக உயர்ந்தன. அவற்றில் அரசாங்கம் நடத்தியவை 21 மட்டுமே. இல்லங்களில் இருந்த சிறாரின் எண்ணிக்கை 6,254லிருந்து 11,945ஆனது. அதே காலத்தில் நாட்டில் வறுமை குறைந்துகொண்டு வந்தது. அனாதைகள் கூடவில்லை, இல்லங்கள் கூடின. பின்னர் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 406 இல்லங்களில் 16,579 சிறார் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ ஐவரில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்.

இது எப்படி நடக்கிறது? ஊருக்கு ஓர் ஆள் வருவார். பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, ஆங்கிலம், கணினி எல்லாம் கிடைக்கும் என்பார். வயல் கூலிக்குப் போகும் தாய்க்கு அது பெரிய வாய்ப்பாகத் தெரியும். நம் தோட்டப்புறத்திலும் பிள்ளை படிக்கட்டும் என்று பட்டணத்து இல்லத்தில் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் உண்டு. அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. பிள்ளை இல்லத்துக்குப் போனபின் அதுவே வருமானத்துக்கு வழியாகிறது. வெளிநாட்டுக் குழு வந்தால் ஆட வேண்டும், பாட வேண்டும். சியெம் ரியாப்பில் இரவு நேரத்தில் சுற்றுப்பயணிகள் நடமாடும் தெருக்களில் பிள்ளைகளே துண்டறிக்கை கொடுத்து நிதி கேட்ட காட்சிகள் பலமுறை செய்தியாகியுள்ளன. எல்லா இல்லமும் மோசடி அல்ல. நல்ல மனத்தோடு நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நிதி தலைக்கு இவ்வளவு என்று வரும்போது, பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் அவசரம் இருக்காது. இல்லம் ஏழ்மையாகத் தெரிந்தால் நன்கொடை கூடும் என்பதால் வேண்டுமென்றே பிள்ளைகளை மெலிய விட்ட இல்லங்களும் பிடிபட்டிருக்கின்றன.

நேப்பாளத்திலும் இதே கதைதான். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா போன்ற மலை மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாப்பாகப் படிக்க வைப்பதாகச் சொல்லிக் காட்மாண்டுவுக்கு அழைத்து வந்தார்கள். நாட்டில் 75 மாவட்டங்கள் இருந்த காலத்தில் பெரும்பாலான இல்லங்கள் ஐந்தே மாவட்டங்களில் இருந்தன. அந்த ஐந்தும் சுற்றுப்பயணிகள் போகும் மாவட்டங்கள். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்ததும், பெற்றோரோ உரிய அனுமதியோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது என்று அரசாங்கம் தடை போட வேண்டியிருந்தது.

இனி, கையைப் பிடித்துக்கொண்ட அந்தச் சிறுமி. ஜெலுத்தோங் திரும்பிய பிறகு அதை அன்பு என்று சொல்லித்தான் சாட்சி கூறினேன். மனநல அறிஞர்கள் வேறு விளக்கம் தருகிறார்கள். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப்பேர் இல்லத்திலேயே வழக்கமான பராமரிப்பில் இருந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் பேச்சும் அறிவும் உறவும் தேறின. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் அதிகம் தேறினார்கள். இல்லத்தில் வளரும் குழந்தைகளிடம் முன்பின் தெரியாதவரிடமும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் மிகுதியாக இருப்பதை இத்துறை ஆய்வுகள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருகின்றன. அம்மா அப்பாவோடு வளரும் பிள்ளை புது ஆளைக் கண்டால் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். ஒளிய முந்தானை இல்லாத பிள்ளை எல்லாரிடமும் போகும். ஐந்து நாளில் நாம் கிளம்பிவிடுகிறோம், அடுத்த வாரம் இன்னொரு குழு வருகிறது. ஒரே ஆண்டில் எத்தனை முறை ஒரு குழந்தை 'போய் வருகிறேன்' என்பதைக் கேட்க வேண்டும்?

தொண்டரை வாசலில் வரவேற்கும் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க நமக்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹக்கிள் ஆங்கில ஆசிரியர், புகைப்படக்காரர், பக்தியுள்ள கிறிஸ்துவர் என்ற தோற்றத்தோடு கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களுக்கும் சிறார் இல்லங்களுக்கும் நெருக்கமாகப் பழகினார். 2006 முதல் 2014 வரை குழந்தைகளுக்குப் பாலியல் கொடுமை இழைத்ததாக 71 குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிறியது ஆறு மாதக் குழந்தை. குற்றங்கள் மலேசியாவிலும் கம்போடியாவிலும் நடந்தவை. அவர் 2019இல் சிறையில் கொல்லப்பட்டார். வெள்ளைக்காரத் தம்பி நல்லவர், பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று நம்பியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம். அந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சியில்தான் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் நம் நாட்டில் வந்தது. மலேசியர் ஒருவர் வெளிநாட்டில் இக்குற்றத்தைச் செய்தாலும் இங்கே வழக்குத் தொடர அச்சட்டம் இடம் தருகிறது. மிஷன் குழுவில் போகும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இன்னும் அண்மையில், 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீஸ் நடத்திய சோதனையில் 402 சிறார் மீட்கப்பட்டனர். அவர்களில் பலர் அனாதைகள் அல்ல, பெற்றோர் உள்ளவர்கள் என்றும், மக்களின் இரக்கத்தைத் தூண்டி நிதி திரட்ட அவர்கள் பயன்படுத்தப்பட்டதாக நம்பப்படுவதாகவும் போலீஸ் கூறியது. மதம் வேறு, வழி ஒன்று. நம் நாட்டில் இல்லம் நடத்த 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். நன்கொடை கொடுக்கும் முன் அந்தப் பதிவைக் கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தேவாலயத்தில் இதைப் பேசினால் உடனே வரும் கேள்வி: அனாதைகளை விசாரிக்கச் சொல்லி வேதமே சொல்கிறதே? சொல்கிறது. ஆனால் யாக்கோபு நிருபத்தின் அந்த வசனம் பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தே சொல்கிறது. அம்மாவை மறந்துவிட்டுப் பிள்ளையை மட்டும் தேடிப் போகச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தொண்டுக்கு முன்னோடி வேண்டுமென்றால் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரைப் பார்க்கலாம். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். தமிழ் படித்தார். 1901 முதல் கோயில்களுக்கு விடப்பட இருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1951இல் இறக்கும்வரை 55 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. அவருடைய காலத்தையும் கருத்துகளையும் விமர்சிக்க இடமுண்டு. ஆனால் பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தது, அவர் அங்கேயே இருந்ததால். ஐந்து நாள் குழுவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

உலகம் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2011இல் கம்போடியாவில் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. ஐந்து மாநிலங்களின் இல்லங்களில் இருக்கும் சிறாரில் 30 விழுக்காட்டினரை 2018க்குள் குடும்பங்களிடம் திரும்பச் சேர்க்கக் கம்போடிய அரசாங்கம் இலக்கு வைத்தது. ஆஸ்திரேலியாவில் நவீன அடிமைத்தனம் குறித்து ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, அனாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகள் கடத்தப்படுவதையும் 2017இல் தன் அறிக்கையில் சேர்த்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் இத்தகைய தொண்டுச் சுற்றுலாவின் தீங்கைத் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

தாரா விங்க்லர் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணின் அனுபவம் இதில் முக்கியமானது. சுற்றுப்பயணியாக வந்து ஓர் இல்லத்துக்கு நிதி திரட்டிக் கொடுத்த அவர், அங்கே நடந்த ஊழலும் கொடுமையும் தெரிந்ததும் 2007இல் 14 பிள்ளைகளை மீட்டு, பட்டம்பாங் நகரில் தாமே ஓர் இல்லம் தொடங்கினார். கெமர் மொழி கற்றுக்கொண்டு பிள்ளைகளோடு பேசிய பிறகுதான் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் இருப்பது அவருக்குப் புரிந்தது. தம் இல்லத்தை மூடிவிட்டு, அந்தக் குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்க உதவும் அமைப்பாக அதை மாற்றினார். திறந்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அதுவும் எளிதல்ல.

அப்படியானால் குழு என்ன செய்யலாம்? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகை தெரியும். விடியலில் பால் மரம் வெட்டப் போகும் அம்மா பிள்ளையை ஆயாவிடம் விடுவார், வேலை முடிந்ததும் இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போவார். குறைகள் நிறைய இருந்தன, ஆனாலும் பிள்ளை இரவில் அம்மாவோடு தூங்கியது. கம்போடியாவிலும் நேப்பாளத்திலும் இன்று நல்ல அமைப்புகள் செய்வது ஏறக்குறைய அதைத்தான்: பகல்நேரப் பராமரிப்பு, பள்ளிச் செலவு, தாய்க்குச் சிறுதொழில், பெற்றோர் இல்லாத பிள்ளைக்குப் பாட்டியோ வளர்ப்புக் குடும்பமோ. செலவும் குறைவு. தான்சானியாவின் ககேரா பகுதியில் ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க ஆன செலவு, வளர்ப்புக் குடும்பத்தில் வளர்க்க ஆனதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்று உலக வங்கி கணக்கிட்டது. விமானச் சீட்டுக்குப் போகும் பணத்தை இத்தகைய பணிக்கு அனுப்பலாம். நேரில் போகத்தான் வேண்டுமென்றால், தாதியரும் ஆசிரியரும் கணக்காளரும் அங்குள்ள பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகலாம். பிள்ளைகளோடு விளையாட அல்ல.

பயணம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட குழுக்கள் இல்லத்திடம் சிலவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். அரசாங்கப் பதிவு உண்டா? பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், கடந்த ஆண்டில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது பெரிய அறிகுறி. யார் வந்தாலும் கதவைத் திறந்து, பிள்ளைகளோடு தனியே விடும் இல்லத்தை விட்டு விலகுங்கள். நம் பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குள் முன்பின் தெரியாத வெளிநாட்டுக் குழு நுழைந்து, பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் தலைமையாசிரியரும் நாமும் சும்மா இருப்போமா? அந்த அளவுகோலே போதும். நம் பக்கமும் சோதனை வேண்டும். சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் இருக்கிறது. குழுவில் சேருவோரைச் சரிபார்ப்பது பற்றி மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். போதகரின் உறவினர் என்பதற்காக யாருக்கும் விலக்கு வேண்டாம்.

பல ஆண்டுகளாக ஓர் இல்லத்துக்குப் பணம் அனுப்பி வரும் சபைகள் இதைப் படித்துவிட்டு அடுத்த மாதமே நிறுத்திவிடக் கூடாது. அதில் முதலில் பட்டினி கிடப்பது பிள்ளைகள்தான். இல்ல நிர்வாகத்தோடு பேசி, குடும்பங்களைக் கண்டுபிடிக்கச் சமூகப் பணியாளர் ஒருவரை நியமிக்க அந்தப் பணத்தைத் திருப்பிவிடலாம். பிள்ளைகளை ஒவ்வொருவராக வீடு சேர்க்க இரண்டு மூன்று ஆண்டுகூட ஆகலாம். நிர்வாகம் பேச மறுத்தாலோ கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தாலோ அந்நாட்டின் சமூக நல அமைச்சிடம் புகார் செய்ய வேண்டும். மலேசியாவில் உள்ள இல்லம் என்றால் தாலியான் காசே 15999 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.