மன்னார்த் தீவு: குளிர்காலப் பறவைகள்

இலங்கையின் வடமேற்கே, தரைப்பாலத்தால் பெருநிலத்தோடு இணைந்த மன்னார்த் தீவும் அதன் சூழலும் நாட்டின் முதன்மையான வலசைப் பறவைப் புகலிடங்களுள் ஒன்று. இவை மத்திய ஆசிய வலசைப்பாதையின் தென்முனைப் பகுதியைச் சேர்ந்தவை. நவம்பர் முதல் மார்ச் வரை பறவை நோக்கலுக்கு ஏற்ற காலம். பாலத்தருகே சேற்றுநிலங்களிலும் உப்பளங்களிலும் பூநாரை, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, கருவால் மூக்கன் ஆகியன திரளும். நண்டுதின்னி கரையோர மணல்திட்டுகளில் தென்படும். எதிர்க்கரையிலுள்ள வங்காலை சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமானது. பரப்பு 4,839 ஹெக்டேயர். மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட ஹியூக்ளின் கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர்.