சூப்பியும் மக்னெற்றும்

யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி எங்கட ஆட்கள் நாலுபேர் கூடிக் கதைத்தால் பத்து நிமிசத்துக்குள் சூப்பி வந்துவிடும். இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: சூப்பி என்பது கையால் அமுக்கக்கூடிய ஒரு சின்ன பிளாஸ்ரிக் போத்தல். அதற்குள் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபரேற்றருக்குள் இரண்டு சொட்டு அடித்து உதைத்தால் மோட்டார்ச் சைக்கிள் ஸ்ராட் ஆகும். சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் வெள்ளைப் புகை. ஊரெல்லாம் அந்த மணம்.

இதைச் சொல்லிவிட்டு "தமிழன்ர மூளையைப் பாத்தியளே" என்று முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை எங்களுக்கு முன்பே இருந்தது. 1949இல் வந்த பெர்குசன் உழவுயந்திரத்தின் ஒரு வகை அப்படித்தான் ஓடியது. ஆவியாக்கும் எண்ணெய் என்று ஒருவகை மண்ணெண்ணெயை அதற்கென்றே பிரித்தானியாவில் விற்றார்கள். எங்களுடைய கெட்டித்தனம் வேறோர் இடத்தில் இருந்தது. எரிபொருளில் அல்ல, நெருப்புப்பொறியில். அதைப்பற்றி யாரும் எழுதுவதில்லை. கராச்சுகளில் நடந்த வரலாறு எழுத்தில் ஏறுவது குறைவு.

முதலில் அந்த மோட்டார்ச் சைக்கிள்கள் எப்படி வந்தன என்று பார்க்கவேண்டும். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின் ஜப்பான் ஹொண்டாக்கள் வந்து குவிந்தன. அவற்றை வாங்கிய காசில் ஒரு பங்கு வளைகுடாவில் உழைத்தது. சவூதியின் கிழக்குக் கரையிலுள்ள அல் கோபார், தமாம், தஹ்ரான் எல்லாம் எங்கட ஆட்களுக்கு வீட்டுப் பெயர்கள் போல. ஒருவர் இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து வந்தால் தங்கைக்கு நகை, வீட்டுக்குக் கூரை, தம்பிக்கு ஒரு ஹொண்டா. சீ-50, சீ-70, எம்.டி.-90, சீடி-125 என்று பெயரைச் சொன்னாலே பலருக்கு ஒரு ஒழுங்கையும் ஒரு முகமும் நினைவுக்கு வரும்.

நானும் 1989இல் அல் கோபாருக்குப் போனேன். பக்கத்து தஹ்ரானில் 1938 மார்ச்சில் ஏழாம் இலக்கக் கிணற்றில் எண்ணெய் பொங்கியதும், முதல் எண்ணெய் அல் கோபார் துறையிலிருந்துதான் தோணியில் பஹ்ரைனுக்குப் போனது. மீனவர் கிராமமாக இருந்த இடம் நகரமானது அதன்பிறகுதான். நான் இருந்தபோது அங்கே பெற்றோலைத் தண்ணீர்போலச் செலவழித்தார்கள். தண்ணீரைத்தான் பார்த்துப் பாவித்தார்கள்.

1990 யூனில் ஊரில் மறுபடி போர் தொடங்கியது. ஓகஸ்ற் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எங்களுக்கு முன்னாலும் போர், பின்னாலும் போர். 1991 பெப்ரவரி 25இல் அல் கோபார்ப் பக்கத்தில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் செத்தார்கள். குவைத்தில் 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்துகொண்டிருந்தன. காற்று வடக்கிலிருந்து அடித்தால் புகை எங்கள் பக்கமும் வரும். அந்த நாட்களில்தான் வீட்டுக் கடிதம் ஒன்றில் மச்சான் எழுதியிருந்தார்: "சென்ற் போத்தல் ஒண்டும் வேண்டாம். முடிஞ்சால் பொயின்ற் செற்றும் கொண்டென்சரும் பிளக்கும் யாரிட்டையாவது குடுத்து விடவும்."

பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் வடக்கே போகத் தடுக்கப்பட்டிருந்தன. தென்னிலங்கையிலிருந்து வரும் மின்சாரமும் இல்லை. இதில் பெற்றோலைவிடப் பற்றறித் தடைதான் மோட்டார்ச் சைக்கிள்களைத் தரம்பிரித்தது என்பது என் எண்ணம். காரணம் இதுதான். பழைய மோட்டார்ச் சைக்கிள்களில் பொறி வருவதற்கு இரண்டு வழி. ஒன்று, பற்றறியிலிருந்து மின்சாரம் எடுத்து இக்னிசன் கொயிலுக்குக் கொடுப்பது. மற்றது மக்னெற்: எஞ்சினோடு சுழலும் சில்லில் காந்தம் இருக்கும், உதைக்கிற உதையிலேயே மின்சாரம் பிறந்து, பொயின்ற் திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி பாயும். பழைய சீ-50, சீ-70 இந்த இனம். அதற்குப் பற்றறி செத்தாலும் கவலையில்லை. ஹோர்ண் அடிக்காது, சிக்னல் எரியாது, எஞ்சினை முறுக்கினால் லைற் பல்ப் சுட்டுவிடும் (மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கப் பற்றறி இல்லையே). ஹெலிக்குப் பயந்து லைற்றை மறைத்து ஓடிய காலத்தில் அதுவும் பெரிய குறையாகத் தெரியவில்லை. பற்றறியை நம்பிய சைக்கிள்களோ ஒவ்வொன்றாகச் சாக்கு மூடிப் படுத்தன. பிரசவத்துக்கு ஆளை ஏற்றவும், காயக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் மிஞ்சியது பழைய மக்னெற் சைக்கிள்தான். அதில் பொறி வராவிட்டால் சூப்பி நிறையப் பெற்றோல் இருந்தும் பிரயோசனமில்லை.

1992இல் நான் ஒப்பந்தம் முடித்து, கிளாலிக் கடலால் ஊருக்குப் போனேன். ஏன் போனாய் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். மச்சானின் கராச்சில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

மீற்றர் இல்லை. சைக்கிள் வந்தவுடன் அவர் பிளக்கைக் கழற்றி, வயரோடு மாட்டியபடி எஞ்சின் தலையில் சாய்த்துவைத்து, நிழலில் வைத்து உதைப்பார். நீலப்பொறி "டிக்" என்று பாய்ந்தால் கோளாறு எரிபொருளில். மஞ்சளாய் மெலிந்து வந்தால் பொயின்ற்றைப் பார்க்கவேண்டும். பொயின்ற்றின் ஒரு முகத்தில் குழியும் மற்றதில் குன்றும் இருந்தால் கொண்டென்சர் கெட்டுப்போய்விட்டது. அதை மாற்றாமல் பொயின்ற்றை மட்டும் அராவினால் அடுத்த கிழமையே திரும்பி வரும். அராவியபின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். அளக்கும் தகடு தொலைந்துபோனபின் தடித்த அட்டைத் துண்டு ஒன்று அந்த வேலையைச் செய்தது.

பொறியே இல்லையென்றால் அவர் முதலில் செய்வது, சாவிக்குப் போகும் வயரைக் கழற்றிவிடுவது. இது பலருக்கு விளங்காது. பற்றறிச் சைக்கிளில் சாவி மின்சாரத்தைத் திறந்துவிடும். வயர் அறுந்தால் எஞ்சின் நிற்கும். மக்னெற்றில் தலைகீழ். அங்கே சாவியின் வேலை மின்சாரத்தைச் சட்டத்துக்கு இறக்கி எஞ்சினை நிறுத்துவது. அந்த வயர் எங்கேயாவது தோல் உரிந்து இரும்பில் முட்டினால், சாவி போட்டிருந்தாலும் பொறி வராது. ஹெட்லைற் கோப்பைக்குள்ளும், ஹான்டில் திரும்பும் கழுத்தடியிலும்தான் அநேகமாக உரிந்திருக்கும். வயரைக் கழற்றியதும் பொறி வந்தால், கொயிலுக்கு ஒன்றும் இல்லை, வயரிங்கைத் தேடு. அவ்வளவுதான் சூத்திரம். பிறகு நிறுத்துவது எப்படி? கியரைப் போட்டு பிறேக்கை மிதித்து நிறுத்திக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு.

வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு சைக்கிள் டைனமோவும் ஒரு சின்ன பல்பும் இருந்தன. வயரை நடுவில் கோத்துக்கொண்டு டைனமோவைச் சுற்றினால் பல்ப் எரியும் அல்லது எரியாது. இரவில் அதே டைனமோ, கவிழ்த்துவைத்த சைக்கிளில் பூட்டப்பட்டு, பி.பி.சி. தமிழோசை கேட்க றேடியோவுக்குப் போகும்.

மண்ணெண்ணெய் தன் பங்குக்குப் பொறியைக் கொன்றுகொண்டே இருந்தது. முழுதாக எரியாமல் விடும் கரி பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் படியும். கரியில் மின்சாரம் ஓடும். பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரிவழியே கசிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு பிளக் சாவி, ஒரு கம்பித் தூரிகை. சிலர் பிளக்கை அடுப்பு நெருப்பில் வாட்டி எடுப்பார்கள். எஞ்சின் தலைக்கு அடியில் இன்னொரு தகடு வைத்து அமுக்கத்தைக் குறைத்தால் தட்டுச் சத்தம் குறையும், ஆனால் இழுவையும் போகும். மச்சானுக்கு அது பிடிக்காது. எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்றச் சொல்வார், மண்ணெண்ணெய் கீழே இறங்கி எண்ணெயைத் தண்ணியாக்குவதால். மாற்ற எண்ணெய்க்கு எங்கே போவது என்று கேட்டால் பதில் இல்லை.

நான் கொண்டுபோன கொண்டென்சர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அல் கோபார் கார்களின் ஊர். மோட்டார்ச் சைக்கிள் சாமான் தேடி அலைந்து களைத்தபின், ஜப்பான் கார்களுக்குரிய கொண்டென்சர் பத்து வாங்கினேன். அளவில் பெரிது, ஆனால் மின்கொள்ளளவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மக்னெற்றுக்கு உள்ளே அது போகாது. மச்சான் அதை வெளியே சட்டத்தில் பூட்டி ஒரு வயரால் இணைத்துவிட்டார். எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளியிருந்ததால் பழைய இடத்தில் இருந்ததைவிடக் கூடக்காலம் உழைத்தது. பத்தில் ஒன்று எங்கள் ஊர் மருத்துவிச்சியின் சைக்கிளுக்குப் போனது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த மழைக்குள் அந்தச் சைக்கிள் நின்று நின்று ஓடியதைப் பார்த்தேன். பிளக் மூடிக்குள் தண்ணீர். அவ இறங்கிச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி உதைத்தா.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபின் பெற்றோலும் பற்றறியும் புதிய இந்தியச் சைக்கிள்களும் வந்தன. அவற்றில் பொயின்ற் இல்லை, சி.டி.ஐ. என்ற சின்ன கறுப்புப் பெட்டி. நல்ல சாமான்தான், அராவவும் வேண்டாம், இடைவெளி பார்க்கவும் வேண்டாம். 2006 ஓகஸ்ற் 11இல் பாதை மறுபடி பூட்டுப்பட்டபோது சூப்பியும் திரும்பி வந்தது. அப்போது மச்சானோடு தொலைபேசியில் கதைத்தேன். கறுப்புப் பெட்டி செத்த சைக்கிள் மூன்று கராச்சில் நிற்குது என்றார். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருக்கிறான், திறந்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது. பக்கத்து வளவில் கோழி அடைந்துகொண்டிருந்த சீ-70ஐ எடுத்து, பொயின்ற்றை அராவி, வெளியே பூட்டிய கார்க் கொண்டென்சரோடு ஓடித்திரிகிறேன் என்றார்.